நொத்தேர் பத்திரமும் கிரயப் பத்திரமும்

நம் ஊரில் பழைய வீடு ஒன்று விலைக்கு வந்தால், பெட்டியடியிலிருந்து இரண்டு விதமான பத்திரங்கள் வெளியே வரும். ஒன்று, முத்திரைத்தாளில் தமிழில் எழுதிப் பதிவு செய்த கிரயப் பத்திரம். மற்றொன்று, கெட்டித் தாளில் பிரெஞ்சில் எழுதியது. அதை நாம் நொத்தேர் பத்திரம் என்போம். நான் பிரெஞ்சில் படித்தவன் என்பதால், இந்த இரண்டாவது வகையை எடுத்துக்கொண்டு வந்து, "இதில் என்ன இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் ஐயா" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிப் படித்ததில் எனக்குத் தெளிவான ஒரு விஷயத்தை இங்கே எழுதுகிறேன். இரண்டு பத்திரங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் மொழியில் இல்லை. விற்பவருக்கு அந்த வீடு உண்மையில் சொந்தமா என்று பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதில்தான் இருக்கிறது.

1819-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி ஆணைப்படி பிரெஞ்சு சிவில் சட்டம் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கல்யாணம், வாரிசு போன்ற விஷயங்களில் இந்தியர்கள் தங்கள் சாதி, சமய வழக்கப்படியே நடந்துகொள்ளலாம் என்று அதே ஆணை சொன்னது. பத்திரம் எழுதுவதிலும் இரண்டு வழிகள் இருந்தன. பிரெஞ்சில் எழுத நொத்தேர். நம்மவர்களுக்குத் தமிழில் எழுத தபெல்லியோன். இருவருமே சர்க்கார் அங்கீகாரம் பெற்றவர்கள்.

நொத்தேர் என்பவர் வெறும் பத்திர எழுத்தர் அல்ல. வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் பொதுவானவர். பிரான்சில் 1803-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பதவிக்கு வரம்பு கட்டியது. அவர் பத்திரத்தில் ஒரு பகுதி கட்டாயம்போல வரும்: "ஒரிஜின் தெ புரொப்ரியேத்தே", அதாவது சொத்து வந்த வழி. இந்த வீடு விற்பவருக்கு யாரிடமிருந்து, எந்தத் தேதியில், எந்தப் பத்திரத்தால் வந்தது. அதற்கு முன் யாரிடம் இருந்தது என்று படிப்படியாக எழுதியிருப்பார். கடைசியில் எல்லாவற்றையும் உரக்கப் படித்துக் காட்டியதாக ஒரு வரியும் இருக்கும். அவர் கவனக்குறைவால் நஷ்டம் வந்தால் ஈடு கட்ட வேண்டியவரும் அவரே.

இன்னொன்று. நொத்தேர் எழுதிய மூலத்துக்கு "மினுய்த்" என்று பெயர். அது அவர் அலுவலகத்திலேயே இருக்கும். வீட்டுக்காரர் கைக்கு வருவது சான்றிட்ட நகல்தான். நம் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் அந்த நகல். 1776-ஆம் ஆண்டு அரசாணைப்படி காலனிகளின் நொத்தேர்கள் ஒரு பிரதியைப் பிரான்சுக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. அப்படிப் போன பழைய காகிதங்கள் இன்று எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வீட்டில் கறையான் அரித்தாலும் சொத்துக்கு ஆதாரம் போய்விடாது. பத்திரத்தைக் கொண்டுபோய் ஒருவரிடம் வைத்துவிட்டால் அடமானம் என்றும் ஆகாது. வீட்டை அடமானம் வைக்க அதற்கென்று தனியாக நொத்தேர் பத்திரம் எழுத வேண்டும் என்பது சிவில் சட்டம்.

எல்லோரும் நொத்தேரிடம் போனார்கள் என்று சொல்ல மாட்டேன். இரு தரப்பும் தாங்களே எழுதிக் கையெழுத்திட்ட தனிப் பத்திரமும் அங்கே செல்லும். செலவுக்குப் பயந்து அப்படிச் செய்தவர்கள் உண்டு.

1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவுக்குக் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி சட்டப்படி இணைந்தோம். ஆனால் சட்டங்கள் ஒரே நாளில் மாறவில்லை. 1968-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்ட விரிவாக்கச் சட்டத்தின் மூலமாகத்தான் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டமும் 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டமும் இங்கே வந்தன. அதோடு வீடு வாங்கி விற்கும் முறையே மாறிவிட்டது.

பிரெஞ்சு சிவில் சட்டப்படி, பொருளும் விலையும் இன்னது என்று இருவரும் ஒத்துக்கொண்டாலே விற்பனை முடிந்துவிடும். இந்தியச் சட்டத்தில் அப்படி இல்லை. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடோ மனையோ பதிவான கிரயப் பத்திரத்தால்தான் கைமாறும். அக்ரிமெண்ட் போட்டு முழுப் பணம் கொடுத்திருந்தாலும், அந்த அக்ரிமெண்ட் மட்டும் வீட்டை உங்களுடையது ஆக்காது.

விலை விஷயத்திலும் மாற்றம் உண்டு. பழைய சட்டத்தில், சொத்தின் மதிப்பில் 12-இல் 7 பங்குக்கு மேல் நஷ்டப்பட்டு விற்றவர் 2 ஆண்டுக்குள் வழக்குப் போட்டு விற்பனையை ரத்து செய்யலாம். 12,000 பெறுமான வீட்டை 5,000-க்கும் குறைவாக விற்றவருக்கு அந்தப் பாதுகாப்பு இருந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், மனமொப்பி விற்றிருந்தால், விலை குறைவு என்ற ஒரே காரணத்தால் விற்பனை செல்லாமல் போகாது. வயதான காலத்தில் அவசரத்துக்கு விற்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் இதுதான். சார்பதிவாளர் நொத்தேர் அல்ல. எழுதிக் கொடுத்தவர் இவர்தானா, கையெழுத்திட்டதை ஒப்புக்கொள்கிறாரா, முத்திரைக் கட்டணம் சரியா என்று பார்ப்பது அவர் வேலை. வீடு யாருடையது என்று தீர்ப்பது அவர் வேலை அல்ல. தமிழ்நாட்டில், விற்பவர் மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று ஒரு விதி இருந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றபோது, உரிமையை விசாரிக்கப் பதிவு அதிகாரிக்கு அதிகாரம் இல்லை என்பதையே காரணமாகச் சொன்னது. கிரயப் பத்திரத்தில் "எனக்குச் சொந்தமாகி என் அனுபவத்தில் இருந்து வரும்" என்று வருவது விற்பவரின் சொந்த வாக்குமூலம். அதை யாரும் சோதித்துப் பார்த்ததாக அர்த்தமில்லை. ஆனால் நம் ஊரில் பலர், "ரிஜிஸ்தர் ஆகிவிட்டது, இனி பயமில்லை" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள்.

நொத்தேர் செய்த வேலை மறைந்துவிடவில்லை. அது வாங்குபவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது. அதை நமக்காகச் செய்ய ஒரு வழக்கறிஞர் வேண்டும். அவர் விற்பவரோ தரகரோ காட்டிய ஆளாக இல்லாமல், நாமே அமர்த்தியவராக இருக்க வேண்டும். பத்திர எழுத்தர் நன்றாக எழுதுவார். ஆனால் உரிமையைப் பார்த்து அபிப்பிராயம் சொல்வது வேறு வேலை.

அந்த வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியவை சில. வில்லங்கச் சான்று, பதிவானதை மட்டுமே காட்டும். பதிவாகாத உயிலும், வாய்ப்பேச்சில் நடந்த பாகப்பிரிவினையும், பங்கு கிடைக்காத அக்காள் தங்கையரும் அதில் வரமாட்டார்கள். 30 வருடத்துக்குப் போட்டால் பிரெஞ்சுக் காலம்வரை அது எட்டாது. இப்போது அசல் பத்திரத்தை ஒப்படைத்தே வங்கியில் கடன் வாங்கலாம் என்பதால், அசலைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. மனையும் விற்பவருடையதா, அல்லது கட்டடம் மட்டும் அவருடையதாகி அடிமனை கோயிலுடையதா என்பதும் தெரிய வேண்டும். பழைய பத்திரத்தில் கதாஸ்தர் எண்ணும், ஆர், சாந்தியார் கணக்கும், துய்ப்ளெக்ஸ் வீதி போன்ற பழைய பெயரும் இருக்கும். துய்ப்ளெக்ஸ் வீதிதான் இன்றைய நேரு வீதி என்பது நமக்குத் தெரியும், பேரனுக்குத் தெரியாது. அந்த கதாஸ்தர் எண்ணும் இன்றைய மறு அளவை எண்ணும் ஒரே மனைதான் என்று இணைத்துக் காட்டியிருக்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ரெனோன்சான் குடும்பங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963-இல் இங்கே வந்தபோது அவர்களுக்கு விலக்கு கொடுக்கப்பட்டது. சிவில் சட்டத்தில், தனியாகக் கல்யாண ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாத தம்பதியர் வாங்கிய வீடு யார் பெயரில் இருந்தாலும் இருவருக்கும் பொது. உயில் எழுதினாலும், ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதி, இரண்டு பேர் இருந்தால் 3-இல் 2 பங்கு, மூவரும் அதற்கு மேலும் இருந்தால் 4-இல் 3 பங்கு பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதனால் அப்பா பெயரில் பத்திரம் இருக்கிறது, மூத்த மகன் கையெழுத்துப் போடுகிறார் என்பது போதாது. இது வெளியூர் வழக்கறிஞருக்கு எளிதில் தோன்றாது. நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் பிரான்சில் இருக்கும் குடும்பங்கள் அதிகாரப் பத்திரம் அனுப்புகிறார்கள். அது அங்கே நொத்தேர் முன்போ இந்தியத் தூதரகத்திலோ எழுதிச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். சாதாரணமாக, கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். ஜெனரல் பவரை வைத்தே வீட்டை வாங்கியதாக நினைப்பது செல்லாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நொத்தேர் காலமே பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. பிரெஞ்சு தெரியாத ஏழைக்கு, படித்துக் காட்டியது எவ்வளவு புரிந்திருக்கும்? தன் மொழியில் பத்திரம் இருப்பது நல்லதுதான். ஆனால் வீட்டில் பிரெஞ்சுப் பத்திரம் வைத்திருப்பவர்கள், அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கும்போதே தமிழில் மொழிபெயர்த்து, வாரிசுகளின் பெயர்ப் பட்டியலோடு சேர்த்து வைத்துவிடுங்கள். விற்கப் போகிறீர்களோ இல்லையோ, அது பிள்ளைகளுக்கு உதவும். என்னிடம் கொண்டுவருபவர்களுக்கும் படித்துச் சொல்லிவிட்டு இதைத்தான் சொல்கிறேன்.