முஸ்தபா: ஓர் ஆகுபெயரின் வரலாறு

மைசூரு ஜெகன்மோகன் அரண்மனைச் சுவர்களில் விளையாட்டுப் பலகைகள் ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. அவற்றை வகுத்தவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868). 1831இல் நாட்டு நிர்வாகம் ஆங்கிலேயர் கைக்குப் போனபின், எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் கலைகளிலும் விளையாட்டுகளிலும் செலவிட்டார். சதுரங்கக் குதிரை 64 கட்டங்களையும் ஒவ்வொரு முறையே மிதித்துச் சுற்றிவரும் புதிரில் அவர் தேர்ந்தவர். அவர் பெயரால் அமைந்த 'ஸ்ரீதத்துவநிதி' என்னும் பெருந்தொகுப்பின் ஒன்பதாம் பகுதியாகிய 'கௌதுக நிதி' விளையாட்டுகளைப் பேசுகிறது. ஆக, அரசன் ஆடிய ஆட்டங்களுக்குச் சுவரும் உண்டு, சுவடியும் உண்டு.

தொண்ணூறுகளில் இந்திய நகரங்களின் வீடியோ கேம் கடைகளில் சிறுவர் ஆடிய ஆட்டங்களுக்கு இவ்விரண்டும் இல்லை. கடைகள் மூடப்பட்டன, பெட்டிகள் பழைய இரும்புக்குப் போயின. அவ்வாட்டங்களுள் ஒன்றுக்கு எஞ்சிய வலுவான சான்று ஒரு சொல்: முஸ்தபா.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட அவ்வாட்டத்தின் முறையான பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. மார்க் ஷுல்ட்ஸ் என்னும் அமெரிக்கர் வரைந்த 'ஜெனோஜோயிக் டேல்ஸ்' என்ற படக்கதையே அதற்கு மூலம். ஆடுபவர் தேர்ந்துகொள்ள நால்வர் உண்டு: ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ். படக்கதையில் ஜாக்கும் ஹன்னாவுமே தலைமக்கள். முஸ்தபா துணைப் பாத்திரம். ஆயினும் இந்தியாவில், தமிழகம் தொடங்கி வடக்குவரை, ஆட்டம் முழுவதற்கும் முஸ்தபாவின் பெயரே நிலைத்தது. வங்கதேசத்திலும் அப்பெயரே வழங்குகிறது.

தமிழ் இலக்கணம் இதற்கு ஆயத்தமான பெயர் வைத்திருக்கிறது. 'தலைக்கு ஒரு பழம் கொடு' என்னும்போது தலை என்ற உறுப்பின் பெயர் முழு மனிதனைக் குறிக்கிறது; நன்னூல் வழியில் இது சினையாகுபெயர். நால்வருள் ஒருவன் பெயர் ஆட்டம் முழுவதற்கும் ஆகிவந்ததும் அவ்வகையே. எனினும், நால்வருள் முஸ்தபாவின் பெயர் மட்டும் ஏன் ஆகிவந்தது என்ற வினா எஞ்சுகிறது.

விடையின் ஒரு பகுதி திரையில் இருக்கிறது. தேர்ந்த பாத்திரத்தின் பெயர், உயிர்க்கோட்டின் அருகே ஆட்டம் நெடுகிலும் தெரியும். ஆட்டத்தின் தலைப்போ தொடக்கத்தில் தோன்றி மறைவது. காடிலாக் என்னும் அமெரிக்க மகிழுந்தை அறியாத சிறுவனுக்கு அத்தலைப்பு வெறும் எழுத்துக்கோவை. முஸ்தபாவோ அடுத்த தெருவிலும் இருக்கக்கூடிய பெயர். 1996இல் வெளிவந்த 'காதல் தேசம்' திரைப்படத்தின் நட்புப் பாடல் அப்பெயரைத் தமிழ்ச் செவிகளுக்கு மேலும் நெருக்கமாக்கியது. அயல்நாட்டார் கூட்டத்தில் அறிந்த ஒருவனைக் கண்டதுபோல் சிறுவர் அவனைத் தமராக்கிக்கொண்டனர்.

மறுபகுதி விரல்களில் இருக்கிறது. நால்வருள் முஸ்தபா விரைவுக்குரியவன். கைப்பிடியை முன்னோக்கி இருமுறை தட்டினால் ஓடுவான். ஓட்டத்திலேயே பொத்தானை அழுத்தினால் எதிரி சரிவான். தாவலும் தாக்குதலும் சேர்ந்த பொத்தான் அழுத்தம், தன் உயிரில் சிறிது கொடுத்துச் சூழ்ந்தோரை வீழ்த்தும். கையில் ஒரே காசுடன் நிற்பவனுக்கு அந்தக் கணக்கு பெரிது. காசு தீர்ந்தபின் திரையில் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கும்போது, பின்னால் நிற்பவர்களின் மூச்சும் அடங்கும். மூவர் ஒரே நேரத்தில் ஆடலாம் என்பதால் ஒருவன் தோல்வி மூவரின் தோல்வியாயிற்று.

கொனாமி நிறுவனத்தின் 'கான்ட்ரா' (1987) இதற்கு எதிர்ச்சான்று. அதன் வீரர்கள் பில், லான்ஸ் எனப் பெயர் கொண்டவர்கள். ஆடும் திரையில் அப்பெயர்கள் தோன்றுவதில்லை. எனவே ஆட்டம் தன் தலைப்பாலேயே அறியப்பட்டது. ஆனால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த பொருள் புதுப்பெயர் பெற்றது. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவியில் செருகும் நெகிழிப் பேழையை இந்தியச் சிறுவர் 'கேசட்' என்றனர். உள்ளே நாடா இல்லை, இருந்தது மின்சில்லு. வடிவும் செருகும் முறையும் ஒத்திருந்தமையால் பாட்டுப்பேழையின் பெயர் இதற்கும் ஆயிற்று. இதை உவமையாகுபெயர் எனலாம்.

முஸ்தபாவுக்குக் கேசட் வரவில்லை. கடைப்பெட்டியில் ஆடிய அந்த ஆட்டம் வீட்டுக்கருவிக்கென வெளியிடப்படவே இல்லை. அதைக் காத்தவர்கள் உரிமம் அற்றவர்கள். 1997இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா வெளியிட்ட 'மேம்' போன்ற போன்மி மென்பொருள்கள், பழைய கடைப்பெட்டிகளின் வேலையைக் கணினிக்குள் செய்துகாட்டின. அதில் இவ்வாட்டத்தின் கோப்புப் பெயர் 'டைனோ'. குறுந்தகடு வழியாகவும் இணைய மையக் கணினிகள் வழியாகவும் பரவியபோது அது மீண்டும் 'முஸ்தபா கேம்' ஆயிற்று. சட்டத்துக்கு ஒரு பெயர், கோப்புக்கு ஒரு பெயர், தெருவுக்கு ஒரு பெயர். மூன்றனுள் தெருவின் பெயரே தலைமுறை கடந்தது.

நிறுவன ஆவணங்களில் இவ்வாட்டம் 'காடிலாக்ஸ்' என்றே கிடக்கும். அவற்றை மட்டும் படிப்பவருக்குத் தென்னாசியச் சிறுவர்களின் இந்த வரலாறு கண்ணில் படாது. இதற்கு மூல ஆவணம் ஆடியவர்களின் பேச்சு: எந்தக் கடை, காசுக்கு எத்தனை ஆட்டம், 'லைஃப்' போனால் என்ன சொல்வார்கள், கடைசி வில்லனுக்கு இட்ட பெயர் என்ன. அன்றைய சிறுவர் இன்று நடுவயதினர். இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இயங்கும் மைசூருவில், அழியும் சொற்களைத் தேடித் தொகுப்பது புதிய பணியன்று. அரண்மனைச் சுவரில் இடம்பெறாத ஆட்டங்களின் சொற்களும் அத்தொகுப்புக்கு உரியவை; அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.