சுரங்கமும் தறியும் குறளும்: தன்னாட்சிக் குழுவின் மாந்தக் கூறுகள்

முன்னுரை

மென்பொருள் உலகில் பரவியுள்ள அஜைல் பணிமுறைக்கு, 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 வல்லுநர் கூடி வகுத்த அறிக்கையே அடிப்படை. கருவிகளினும் விதிமுறைகளினும் மாந்தரை முதன்மையாகக் கொள்வது அதன் முதற்கோள். இக்கோளின் வரலாற்று முன்னோடியை இலண்டனிலும், மெய்யியல் ஒப்புமையை இந்தியச் சிந்தனை மரபிலும் காண இக்கட்டுரை முற்படுகின்றது.

சுரங்கமும் தறியும்

இலண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் எரிக் டிரிஸ்டும், முன்னாள் சுரங்கத் தொழிலாளரான கென் பாம்ஃபோர்த்தும் 1951இல் நிலக்கரிச் சுரங்கப் பணி குறித்த ஆய்வை வெளியிட்டனர். எந்திரம் புகுந்தபோது வேலை துண்டாடப்பட்டது. ஒருங்கே உழைத்த சிறு குழுக்கள் சிதைந்தன. எதிர்பார்த்த பயன் விளையவில்லை என்பது அவர்தம் முடிபு.

அந்நிறுவனத்தின் ஏ. கே. ரைஸ் 1953இல் அகமதாபாத் காலிகோ ஆலையில் இதனையொத்த சிக்கலைக் கண்டார். தானியங்கித் தறிக் கூடத்தில் வேலை 12 வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தது; யார் யாருக்குத் துணை என்பது தெளிவாக இல்லை. குறிப்பிட்ட தறிகளுக்கு ஒரு சிறு குழுவே முழுப் பொறுப்பேற்கலாம் என அவர் முன்மொழிந்தார். தொழிலாளர் அக்கருத்தை உடனே ஏற்றுத் தம் குழுக்களைத் தாமே அமைத்துக்கொண்டனர். நாளடைவில் ஆக்கம் பெருகியது. துணிச் சேதம் குறைந்தது. இதனை ரைஸ் 1958இல் நூலாக்கினார்.

மெய்யியல் ஒப்புமை

திருக்குறளின் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் ஆகிய அதிகாரங்கள் இதே மாந்தக் கூற்றை ஆராய்கின்றன. ஆளை ஆய்ந்து தேர்தல், தேர்ந்தபின் சந்தேகியாமை, பணியை அவரிடமே ஒப்படைத்தல் என்பன அவை காட்டும் படிகள். 1785இல் சார்லஸ் வில்கின்சின் ஆங்கில ஆக்கமாக இலண்டனில் அச்சேறிய பகவத்கீதை, பயனில் பற்றின்றிச் செயலாற்றச் சொல்கின்றது. இதனைப் பயனை நோக்காமை எனக் கொள்ளுதல் பொருந்தாது. பயனோடு 'நான்' என்னும் செருக்கைப் பிணைக்காதவரே தம் பணியின் குறையைக் குழுவின்முன் அஞ்சாது எடுத்துரைப்பர். குறுகிய கால இடைவெளிகளில் செய்பணியை மீளாய்வு செய்யும் அஜைல் முறைக்கு இவ்வுளப்பாங்கு இன்றியமையாதது.

எனினும், ஒப்புமைக்கு எல்லையுண்டு. குறளில் பொறுப்பளிப்பவன் அரசன். கீதையில் தன்கடன் வருணத்தோடு இயைந்தது. அகமதாபாத்திலோ தொழிலாளரே தம் துணைவரைத் தெரிந்தனர். இவ்வேறுபாட்டை மறைத்து, அஜைல் முறை முழுவதும் நம் தொன்னூல்களில் உண்டு எனல் ஆய்வாகாது.

முடிவுரை

நம்பிப் பொறுப்பளித்தல் தொன்மையான அறம். தெரிவுரிமையைத் தொழிலாளரிடமே விடுதல் அண்மைக்கால வரலாறு. குழுக்களுக்குப் பெயரளவில் தன்னாட்சி வழங்கி, நாள்தோறும் கண்காணிக்கும் இன்றைய நிறுவனங்கள் இவ்விரண்டையும் இழக்கின்றன. தமிழ்ச் சிந்தனையை மேலாண்மையியலோடு ஒப்பிடுவோர் இவ்விரண்டையும் பிரித்தறிந்து பேசுதல் வேண்டும்.