புகைச்சல்

ஒடுகத்தூரில் என் ஆயாவுக்கு மூன்று சங்கடங்களுக்கும் ஒரே சொல்தான். தொண்டை கமறினால் புகைச்சல். கண் மங்கினால் புகைச்சல். மருமகள்கள் முகம் கொடுத்துப் பேசாவிட்டால், "வூட்ல ஒரே பொகைச்சலா கீது" என்பாள்.

சொல்லின் வேர் ரொம்பப் பழசு. புறநானூற்றின் 117ஆம் பாட்டில் கபிலர், சனி புகைந்தாலும் பாரியின் நாட்டில் மழை பொய்க்காது என்கிறார். சனி புகைவது கெட்ட சகுனம். சிலப்பதிகாரத்தில் வால்மீனுக்குப் பெயர் புகைக்கொடி. வடமொழியின் தூமகேதுவுக்கும் அதே பொருள்தான். தீ கண்ணில் படாது, கேடு மட்டும் வந்துகொண்டிருக்கும். புகைக்கு நம் மொழி அன்றைக்கே கொடுத்த வேலை அது. 'உட்கட்சிப் புகைச்சல்' என்று இன்று தலைப்பு போடுகிறவரும் அந்த வேலையைத்தான் வாங்குகிறார்.

அடுப்பங்கரையில் கதை வேறு. அங்கே புகை சகுனம் இல்லை, கேடே அதுதான். மத்திய அரசின் புகையில்லா அடுப்புத் திட்டம் வந்தது 1983இல். ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு தரும் உஜ்வாலா வந்தது 2016இல். நடுவில் 33 வருஷம். அவ்வளவு காலமும் ஆயா ஊதுகுழலோடு ஈர விறகின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். இருமினால், "எப்பவும் இருக்கிற புகைச்சல்தானே" என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

அவள் நோயின் பெயரைச் சொல்லவில்லை. காரணத்தையே பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள்தான் அதைப் பேச்சுவழக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.