ஊவாவில் மருந்தும் ரவையும்: மூலப்பொருள் தெரிவின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

ரவையைத் தானே நிரப்பிக்கொள்ள விரும்பும் ஒருவன் முதலில் எதிர்நோக்குவது தெரிவுப் பிரச்சினையாகும். கோது, கேப், மருந்து, குண்டு என்னும் நான்கு உறுப்புகள் சேர்ந்தே ஒரு தோட்டா உருவாகின்றது. அவற்றுள் ஒவ்வொன்றும் மற்றையவற்றோடு பொருந்த வேண்டும். யாவும் துவக்கோடு பொருந்த வேண்டும். மெதுவாக எரியும் மருந்துக்குரிய இடத்தில் விரைந்தெரியும் மருந்தை இட்டால் குழல் பிளக்கும். சுடுபவனின் கையும் கண்ணும் போகும். ஆகவேதான் இத்துறையிற் புதிதாகப் புகுவோருக்கு எழுதப்பட்ட கைந்நூல்கள், துவக்கிலிருந்தே தொடங்குமாறும், சோதித்தறிந்த அட்டவணையை மீறாதிருக்குமாறும், ஓர் உறுப்புக்குப் பதிலாக இன்னொன்றை ஊகத்தால் இடாதிருக்குமாறும் வற்புறுத்துகின்றன. தொழில்நுட்ப நோக்கில் இவ்வறிவுரை முற்றிலும் சரியானதே.

எனினும் இக்கைந்நூல்களின் அடித்தளத்தில் ஓர் எடுகோள் மறைந்துள்ளது. கடைத்தட்டில் நான்கு உறுப்புகளும் அடுக்கியிருக்க, கையிற் பணத்துடன் நின்று, ஒப்பிட்டு, வேண்டியதைத் தெரிவுசெய்யும் நுகர்வோனை அவை இயல்பான மனிதனாகக் கொள்கின்றன. வரலாற்றை நோக்குமிடத்து அத்தகைய மனிதன் மிக அரிதானவன் என்பது புலனாகும். வெடியுப்பு எவருடைய குகையில் இருந்தது, கந்தகம் எவருடைய துறைமுகத்தில் இறங்கியது, ஈயத்தை வாங்க எவருக்கு அனுமதி இருந்தது என்னும் வினாக்கள் தெரிவு என்னும் வினாவுக்கு முற்பட்டவை. தெமோதரையை உள்ளடக்கிய பதுளைப் பிரதேசத்தின் கடந்த இரு நூற்றாண்டு அனுபவத்தை எடுத்துக்கொண்டு, மூலப்பொருள் மீதான கட்டுப்பாடு எவ்வாறு வர்க்க ஆதிக்கத்தின் ஓர் அங்கமாக இயங்கிற்று என்பதைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கண்டி இராச்சியம் படைக்கலத் தொழில்நுட்பத்தில் பின்தங்கியிருந்தமையாலேயே வீழ்ந்தது என்பது குடியேற்றவாத வரலாற்றாசிரியரிடையே வழங்கிவந்த கருத்தாகும். நம்மவரிற் சிலரும் அதனை ஆராயாது ஏற்றுக்கொண்டனர். மொழிச் சான்று ஒன்றே இக்கருத்தை ஐயுற வைக்கப் போதுமானது. துவக்கு என்னும் சொல் இலங்கைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒருங்கே வழங்குகின்றது. வெடிமருந்தைச் சிங்களத்தில் 'வெடி பெஹெத்' என்பர். வெடியுப்பை 'வெடிலுணு' என்பர். முன்னதில் மருந்து என்னும் பொருளும் பின்னதில் உப்பு என்னும் பொருளும் தமிழ்ச் சொற்களில் உள்ளவாறே அமைந்துள்ளன. இத்தொழிற்சொற்கள் இரு மக்களிடையேயும் நெடுங்காலமாகப் புழங்கி வந்தவை. பூட்டு இடப்புறத்தே அமைந்த சிங்களத் துவக்குகளும், மரக்கால்களில் நிறுத்திச் சுடும் 'கொடித்துவக்கு' என்னும் சிறு பீரங்கிகளும் உள்நாட்டுக் கொல்லரின் ஆக்கங்களே. எனவே அறிவும் கைத்திறனும் இருந்தன.

மூலப்பொருளும் ஓரளவுக்கு இருந்தது. 1816 முதல் 1820 வரை இலங்கையில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய ஜோன் டேவி, உள்நாட்டின் வெடியுப்புக் குகைகளைப் பற்றித் தமது 1821ஆம் ஆண்டு நூலில் விரிவாக எழுதியுள்ளார். தும்பறைப் பகுதியிலுள்ள மெமோரைக் குகை அவற்றுள் ஒன்று. குகையின் மண்ணையும் பாறைத்தூளையும் மரச்சாம்பலோடு கலந்து, நீர் ஊற்றி வடித்து, வடிநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிப்பதே அங்கு கையாளப்பட்ட முறை. இவ்வேலை இராசகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறையோடு பிணைந்திருந்தது. குகையில் இறங்கிய குடியானவன் தன் துவக்குக்காக உப்புக் காய்ச்சவில்லை. அரசனின் களஞ்சியத்துக்காகவே காய்ச்சினான். ஐரோப்பியர் மலைநாட்டில் ஏறுவதற்கு முன்னரே மருந்து வர்க்க உறவுகளுக்குள் அடங்கியிருந்தது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. பழைய இராச்சியத்தைப் பொற்காலமாகக் காட்டுவது நமது நோக்கமன்று.

கரி எந்தக் காட்டிலும் கிடைக்கும். கந்தகத்தின் நிலை வேறு. எரிமலைகள் இல்லாத இத்தீவில் கந்தகப் படிவுகள் இல்லை. அது கடல்வழியே வந்தாக வேண்டும். ஈயத்தின் நிலையும் ஏறத்தாழ அதுவே. 1766ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் மூலம் ஒல்லாந்தர் தீவின் கரையோரம் முழுவதையும் தம் வசமாக்கிக்கொண்டனர். 1796இல் அக்கரையோரம் ஆங்கிலேயரிடம் கைமாறியது. அதன் பின்னர் மலைநாட்டு மருந்துக் கலவையின் ஓர் இன்றியமையாக் கூறு பகைவனின் சுங்கச் சாவடியைக் கடந்தே வரவேண்டியிருந்தது. மறுபுறத்தில் ஆங்கிலேயருக்கோ பீகாரின் வெடியுப்பும் சிசிலியின் கந்தகமும் வணிகக் கப்பல்களில் வந்து குவிந்தன. மருந்து செய்யும் முறையை இரு தரப்பினரும் அறிந்திருந்தனர். மூன்று கூறுகளையும் ஓரிடத்திற் சேர்க்கும் ஆற்றல் ஒரு தரப்பினரிடமே இருந்தது.

3

1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. இரண்டரை ஆண்டுகளுக்குள் ஊவாவில் பெருங்கிளர்ச்சி மூண்டது. 1817 செப்டெம்பரில் பதுளையில் ஆங்கில ஆட்சியின் பிரதிநிதியாக இருந்த சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் கொல்லப்பட்டார். அவரைக் கொன்றது துவக்குக் குண்டன்று, அம்பு. இச்செய்தியைப் பலர் வெறும் விந்தைச் செய்தியாகவே கூறிச் செல்வர். நமது ஆய்வுக்கு அதன் முக்கியத்துவம் வேறானது. வில்லுக்கும் நாணுக்கும் அம்புக்கும் வேண்டிய அனைத்தும் ஊவாவின் காட்டிலும் கொல்லன் பட்டறையிலும் கிடைத்தன. துறைமுகத்தைப் பிடித்தவனால் அம்பைத் தடுக்க முடியாது. கந்தகம் அரிதான நாட்டில் கிளர்ச்சியாளர் வில்லையும் துவக்கையும் ஒருசேரக் கையாண்டதைப் பழமைப் பிடிப்பு எனக் கொள்வதிலும், மூலப்பொருள் நிலைமைக்கேற்ற தெரிவு எனக் கொள்வதே பொருத்தமானது.

கிளர்ச்சி ஆயுத மேன்மையால் மட்டும் அடக்கப்படவில்லை. வீடுகளும் விளைந்த வயல்களும் எரிக்கப்பட்டன, கால்நடைகள் அழிக்கப்பட்டன, பஞ்சம் மிகுதியை முடித்தது. உள்நாட்டவரில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டிருக்கலாம் என டேவி மதிப்பிட்டார். கெப்பெட்டிபொல 1818 நவம்பர் 26ஆம் நாள் சிரச்சேதம் செய்யப்பட்டார். குடிகளின் துவக்குகள் பறிக்கப்பட்டன. துவக்குப் போன பின்னர் உப்புக் காய்ச்சும் தொழிலுக்கும் கொல்லனின் குழல் வேலைக்கும் பயன் எஞ்சவில்லை. ஒரு தொழில் மரபு அறியாமையால் அழியவில்லை, திட்டமிட்டே அழிக்கப்பட்டது.

4

துவக்கு பறிக்கப்பட்ட அதே மண்ணில் அடுத்த தலைமுறையில் முற்றிலும் வேறான ஒரு மனிதன் தோன்றுகிறான். தனக்கு வேண்டிய மருந்தையும் குண்டையும் தானே தெரிவுசெய்பவன் அவன். கைந்நூல்கள் இயல்பானவனாகக் கருதும் அந்நுகர்வோனே அவன். பதுளையில் நிர்வாகியாகவும் நீதிபதியாகவும் இருந்து, 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் தோமஸ் றொஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார் எனக் கூறப்படுகின்றது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் தமது வேட்டை அனுபவங்களை 1854இல் நூலாக வெளியிட்டார். மருந்தின் அளவு, குண்டின் எடை, துவக்கின் எடை ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்தே நோக்க வேண்டும் என்பது அவரது உறுதியான கொள்கை. பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் நிறுவனத்தைக் கொண்டு அவர் செய்வித்த துவக்கு 21 இறாத்தல் எடையுடையது. 3 அவுன்சு உருண்டைக் குண்டுக்கு 16 திராம், அதாவது ஓர் அவுன்சு, மருந்தை அது தாங்கியது. பேக்கரின் தொழில்நுட்பக் கூர்மையை நாம் மறுக்கவில்லை. ஆயின் அக்கூர்மைக்கு இடமளித்தது எது? பேரரசின் நகரொன்றில் துவக்குச் செய்வித்து, மருந்து வாங்கி, மலையேற்றிச் சுமப்பிக்கும் வாய்ப்பு அவருக்கிருந்தது. ஓர் அவுன்சு மருந்தை ஒரே வெடியில் எரிக்கும் வசதி ஊவாவின் குடியானவனுக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை.

இதே காலப்பகுதியில் தொழில்நுட்பமும் மாறிற்று. சக்கிமுக்கிக் கல்லின் இடத்தைக் கேப் பிடித்தது. 1860களில் மருந்து, குண்டு, கேப் மூன்றும் ஒரே உலோகக் கோதினுள் அடங்கின. 1890களில் கரிமருந்தின் இடத்தைக் கோர்டைற்று என்னும் புகையற்ற மருந்து பிடித்தது. கரிமருந்தைக் குகையும் சாம்பலும் கொண்டு கிராமத்திலே ஆக்கலாம். இரசக் கூட்டுக் கேப்பையும் கோர்டைற்றையும் பெருந்தொழிற்சாலையன்றி வேறெதுவும் ஆக்க முடியாது. ஒவ்வொரு முன்னேற்றமும் ஆக்குபவனுக்கும் பயன்படுத்துபவனுக்கும் இடையிலான தூரத்தை அதிகரித்தது. உறுப்பொன்றைத் தெரிவுசெய்வோரும் அதனைக் கையாளுவோரும் வெவ்வேறு வர்க்கத்தினராக இருப்பதன் விளைவை 1857ஆம் ஆண்டு இந்தியாவில் காண்கிறோம். தோட்டாத்தாளில் எக்கொழுப்பைப் பூசுவது என்பதை அதிகாரிகள் தீர்மானித்தனர். அதனைப் பல்லாற் கடிக்க வேண்டிய சிப்பாயிடம் எவரும் கேட்கவில்லை.

இலங்கையும் இவ்வுற்பத்தியிற் பங்குகொண்டது, ஆயின் மூலப்பொருளை வழங்கும் நாடாகவே. மருந்து மணிகளுக்கு மெருகூட்டவும், உலோகம் உருக்கும் மூசைகள் செய்யவும் உதவிய பென்சிற்கரி இங்கிருந்தே பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. முதலாம் உலகப் போர் ஆண்டுகளில் அதன் தேவை உச்சத்தை எட்டியது. கரி கப்பலேறிப் போயிற்று. தோட்டா கப்பலேறி வந்தது.

5

வந்த தோட்டா எவர் கைக்குச் சென்றது? 1900இல் இலங்கைத் தோட்டத்துரைமார் துவக்குப் படை நிறுவப்பட்டது. ஐரோப்பியத் துரைமாரே அதன் உறுப்பினர். அதன் பிரிவுகள் போவர் யுத்தத்திலும் முதலாம் உலகப் போரிலும் பணியாற்றின. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தை அடக்குவதிலும் துரைமார் பங்குகொண்டனர். 1949இல் அப்படை கலைக்கப்பட்டது. தேயிலை மலையின் முகாமையாளன் அரை நூற்றாண்டு காலம் சீருடையணிந்த துவக்குக்காரனாகவும் இருந்தான் என்பதே இதன் பொருள்.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் துவக்கு வைத்திருப்பதை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தியது. நடைமுறையில் கிராமத்தவன் அனுமதி கோருவதற்குரிய முக்கிய காரணம் பயிர்ப் பாதுகாப்பே. பன்றியையும் யானையையும் விரட்டச் சிங்களக் குடியானவன் ஓர் இடியனையேனும் வைத்திருக்கலாம். தோட்டத் தொழிலாளியின் நிலை என்ன? அவன் குடியிருந்த லயன் அறை துரையுடையது. அவன் கொழுந்து பறித்த செடியும் துரையுடையது. பயிரைக் காக்கவே துவக்கு எனில், சொந்தப் பயிர் இல்லாதவனுக்குத் துவக்கும் இல்லை. அவன் சமூகம் துவக்கற்றிருந்தமைக்குச் சாதுவான இயல்பைக் காரணமாகக் காட்டுவோர், அதன் அடிப்படை நிலவுடைமையில் உள்ளது என்பதை மறந்துவிடுகின்றனர்.

இவ்வாறிருந்தும் வெடிமருந்தோடு அவனுக்கு அறிமுகமே இல்லையென்று கொள்ளவியலாது. பதுளை வரையிலான புகையிரதப் பாதை 1924இல் திறக்கப்பட்டது. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் நிறைவெய்தியது. தெமோதரையில் பாதை சுற்றி வளைந்து, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கமொன்றினூடே செல்கின்றது. பாறையைத் துளைத்து, மருந்திட்டு, வெடிக்கச் செய்தன்றி இத்தகைய மலையைக் குடைய முடியாது. இரும்பு போருக்குச் சென்றுவிட்டமையால் பாலம் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்டது என்னும் கதை இன்றும் அங்கு வழங்குகின்றது. அக்கதையில் மக்களின் வரலாற்றுணர்வு பொதிந்துள்ளது: பாலத்துக்குரிய பொருளையும் துவக்கே தீர்மானித்தது என அவர்கள் உணர்ந்திருந்தனர். மூலதனத்துக்கு வழியமைக்கும் வேளையில் தொழிலாளியின் கைக்கெட்டிய மருந்து, வழி அமைந்து முடிந்ததும் மீண்டும் பூட்டப்பட்ட களஞ்சியத்துக்குச் சென்றது.

6

1940 சனவரி 10ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அவ்வாண்டு மே மாதத்தில் வேலைநிறுத்த அலை ஊவாவைப் பற்றியது. லங்கா சமசமாஜக் கட்சி அதற்குத் தலைமை தாங்கியது. பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே நடப்பதாகத் துரை இணங்க நேர்ந்தது. ஒழுங்கை நிலைநாட்டவென வந்த ஆயுதம் தாங்கிய பொலிஸ் குழுவைத் தொழிலாளர் நிராயுதபாணிகளாக்கினர் எனக் கட்சியின் வரலாற்றை எழுதிய லெஸ்லி குணவர்த்தன குறிப்பிடுகின்றார்.

இந்நிகழ்ச்சியை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். துவக்கற்றோர் துவக்குடையோரிடமிருந்து துவக்கைப் பறித்தனர். அதற்கு மருந்தோ ரவையோ தேவைப்படவில்லை. சபையாகத் திரண்ட எண்ணிக்கையே போதியதாயிற்று. எனினும் இவ்வெற்றியின் எல்லையையும் காணாதிருத்தல் ஆகாது. பறித்த துவக்கிலுள்ள ரவைகள் எண்ணத்தக்கவை. அவை தீர்ந்தால் மறுபடி நிரப்பும் வழி தொழிலாளியிடம் இல்லை. அரசிடமோ தொழிற்சாலையும் கப்பலும் புகையிரதமும் இருந்தன. பெருவெள்ளம் ஊவாவை ஒரு வாரத்துக்கு மேலாகப் பிற பகுதிகளிலிருந்து துண்டித்தது. அத்தனிமையில் பொலிஸ் அடக்குமுறை வேலைநிறுத்தத்தை முறியடித்தது. 1818இல் கண்ட உண்மையே 122 ஆண்டுகளின் பின்னரும் வெளிப்பட்டது: ஆயுதத்தைக் கைப்பற்றுவது வேறு, அதனை மீண்டும் மீண்டும் ஊட்டும் உற்பத்திச் சாதனத்தைக் கைப்பற்றுவது வேறு.

7

மேற்கூறியவற்றால் இரு முடிபுகள் பெறப்படுகின்றன. கண்டி மக்கள் அறிவின்மையால் தோற்றனர் என்னும் கூற்றும், தோட்டத் தொழிலாளர் இயல்பாகவே பணிவுடையோர் என்னும் கூற்றும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். பொருளாதார உறவை மனிதக் குணமாகக் காட்டும் பிழை அது. இரண்டாவதாக, 1818இல் நிராயுதபாணியாக்கப்பட்ட சிங்களக் குடியானவனும் 1940இல் துவக்கின் முன் நின்ற தமிழ்த் தொழிலாளியும் ஒரே கட்டுப்பாட்டின் முன்னும் பின்னுமான இலக்குகள். இவ்விருவரின் வரலாறுகளையும் தனித்தனி இன வரலாறுகளாக எழுதிவந்தமையால், அவர்களை இணைக்கும் இழை நமது கண்ணுக்குத் தப்பிவிட்டது.

இன்றும் ஊவாவின் காட்டோரங்களில் கட்டுத்துவக்கு வைக்கப்படுகின்றது. தேயிலை மலைகளில் கம்பிக் கண்ணி கட்டப்படுகின்றது. அவற்றில் விலங்கும் அகப்படுகின்றது, அவ்வழியே செல்லும் ஏழையும் அகப்படுகின்றான். இவற்றைச் சட்டமீறல் என்று மட்டும் நோக்குவோர், நிலமும் இறைச்சியும் வருமானமும் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளன என்னும் வினாவை எழுப்புவதில்லை. தோட்டங்களில் வாழும் முதியோரின் நினைவுகளும், கச்சேரிகளில் எஞ்சியுள்ள பழைய பதிவேடுகளும், இரு மொழிகளிலுமுள்ள வேட்டைத் தொழிற்சொற்களும் ஒருங்கே தொகுக்கப்படல் வேண்டும். தமிழ் ஆய்வாளர் தனித்து நின்று செய்யக்கூடிய பணியன்று இது. சிங்கள ஆய்வாளரோடு சேர்ந்து செய்ய வேண்டிய பணியாகும்.