சிறுதேரும் ரி-55 டாங்கியும்

தேர், யானை, குதிரை, காலாள் எனப் படையை நால்வகையாகப் பகுத்த தமிழர், அவற்றுள் முதலாவதைக் குழந்தையின் கையிலும் கொடுத்தனர். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாமல் உருட்டிச் சென்ற மூன்று காற் சிறுதேரைப் பட்டினப்பாலை பேசுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் இறுதியானது சிறுதேர்ப் பருவம். எனவே, போர் வாகனத்தைச் சிறிதாக்கி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் ஆசையை மேல்நாட்டாரிடமிருந்துதான் நாம் கற்றோம் என்று சொல்லிவிட முடியாது.

இதனை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட மாதிரி வாகனம் கட்டும் வேலையை, ஓய்வு பெற்ற பின்னர் மீண்டும் தொடங்கியிருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் எனது வீட்டு மேசையில் அரைகுறையாகக் கிடந்த டாங்கியைக் கண்ட பழைய நண்பர் ஒருவர், "இவ்வளவு பட்ட பிறகும் உமக்கு டாங்கிப் பொம்மையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான விடையைச் சற்றுத் தொலைவிலிருந்து, ஜப்பானிலிருந்து, தொடங்க வேண்டும்.

மாதிரி வாகன உலகில் இன்று பெரும் பெயரான டமியா, ஷிசுவோக்கா நகரைச் சேர்ந்தது. 1945 ஜூனில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசி அந்நகரை எரித்தன. மறு ஆண்டு, 1946இல், டமியா யொஷியோ அங்கே மர அரிவு ஆலை ஒன்றைத் தொடங்கினார். கப்பல், விமான மாதிரிகளுக்கான மரத்துண்டுகள் அதன் உப தொழிலாயின. 1951இல் மரக் களஞ்சியம் தீக்கிரையானது. அதன் பின்னர் மாதிரிகளே முழுத்தொழிலாயின. 1960இல் வெளிவந்த முதலாவது பிளாஸ்ரிக் மாதிரியான யமட்டோ போர்க்கப்பல் நட்டத்தையே தந்தது. பின்னர் வந்த ஜேர்மனியப் பாந்தர் டாங்கிதான் நிறுவனத்தை நிமிர்த்தியது.

அந்தப் பாந்தருக்கு முதலில் திட்டமிட்ட அளவுவிகிதம் எதுவும் இருக்கவில்லை. மோட்டாரை இயக்கும் இரண்டு பற்றரிகள் உள்ளே அடங்க வேண்டும் என்பதே கணக்கு. பிற டாங்கிகளையும் அதே அளவில் செய்ய விரும்பிப் பின்னர் அளந்து பார்த்தபோது, அது அசலில் ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. உலகெங்கும் கவச வாகன மாதிரிகளுக்கு 1/35 என்பது பொது அளவானது இவ்வாறே. இரண்டு முறை எரிந்ததைக் கண்ட ஒரு குடும்பம், தன் நகரை அழித்த போரின் வாகனங்களையே ஆணிக்கணக்காக அளந்து செய்து பிழைத்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

கொழும்பில் இப்பெட்டிகள் எளிதாகக் கிடைத்த காலம் மிகக் குறுகியது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. அரிசிக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற நாட்டில் விளையாட்டுப் பொருளுக்கு அந்நியச் செலாவணி ஏது? 1977இல் திறந்த பொருளாதாரம் வந்த பின்னரே பிரித்தானியாவின் எயர்பிக்ஸ், ஜப்பானின் டமியா பெட்டிகளை நான் வாங்கத் தொடங்கினேன். 1983 ஜூலை 25ஆம் திகதி கொழும்பு எரிந்தது. கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் எரிந்தன. நான் செய்த மாதிரிகளில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மேல்நாட்டிலும் இளைஞர்கள் இப்பழக்கத்தைப் பதின்ம வயதில் கைவிட்டு, ஐம்பது வயதில் திரும்பி வருவதுண்டு. படிப்பு, தொழில், திருமணம் ஆகியவை அவர்களுடைய காரணங்கள். கொழும்புத் தமிழனுக்கு வேறொரு காரணமும் இருந்தது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டமும் அவசரகால விதிகளும் நடைமுறையிலிருக்க, நள்ளிரவில் தேடுதல் நடக்கும் வீட்டில், கவச வாகனத்தின் அளவுப்படத்தை எதற்காக வைத்திருக்கிறாய் என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வது? 2007 ஜூன் 7ஆம் திகதி விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அகற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அத்தகைய நகரில் பொழுதுபோக்கையும் ஒருவன் யோசித்தே தெரிவு செய்ய வேண்டியிருந்தது.

அந்த இடைவெளியில் மாதிரிகளுக்குப் பதிலாக அசல்களைக் கண்டோம். ஆறு சக்கரங்களும் 76 மில்லிமீற்றர் பீரங்கியும் கொண்ட பிரித்தானியச் சலடின், 1985இல் தென்னாபிரிக்காவிலிருந்து வந்த பவள், 1991இல் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ரி-55 ஆகியவை அவற்றுட் சில. பவள் வாகனத்தின் அடிப்பகுதி ஆங்கில 'வி' எழுத்தைப் போன்றது. கண்ணிவெடியின் வீச்சை அது இருபுறமும் சிதறடிக்கும். மேலே வீரர்கள் முதுகோடு முதுகாக வெளியே பார்த்து அமர்ந்திருப்பர். அதனைப் பின்பற்றி இராணுவத்தின் பொறியியலாளர்கள் யுனிகோர்ன் என்ற வாகனத்தை உள்நாட்டிலேயே செய்தனர். மறுபுறம், 1991 ஜூலையில் ஆனையிறவில் விடுதலைப் புலிகள் இரும்புத் தகடு பொருத்திய புல்டோசரைக் கொண்டு வந்தனர். அதன் எச்சம் ஏ9 வீதியோரத்தில் நினைவுச்சின்னமாக நிற்கிறது. 1993 நவம்பரில் பூநகரியில் ரி-55 டாங்கிகளும் கைமாறின.

பத்திரிகையில் இவற்றை எண்களாகவே எழுதினோம். இத்தனை டாங்கிகள், இத்தனை கவச வாகனங்கள் என்று. இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை நிலவிய காலங்களில் அந்த எண்கள்கூட அச்சேறவில்லை. ஆனால், ஒரு வாகனத்தைத் துண்டு துண்டாகப் பொருத்தும்போது அது எண்ணாக இருப்பதில்லை. சாரதி எவ்வழியாக உள்ளே இறங்குவான், அவனால் எவ்வளவு தூரம் பார்க்க முடியும், தீப்பிடித்தால் எவ்வழியாக வெளியேறுவான் என்று கை கேட்கத் தொடங்குகிறது. ரி-55இன் உள்ளே நால்வர் எவ்வளவு நெருக்கமாக அமர்ந்திருந்தனர் என்பதை முப்பத்தாறு தொன் எடை என்ற குறிப்பு எனக்குச் சொன்னதில்லை.

நண்பருக்கு நான் சொன்ன விடை இதுதான். அன்று இளைஞனாக இதனைச் செய்தபோது அது பிறர் போர். பாந்தரும் ஷேர்மனும் யாரைக் கொன்றன என்று நான் கேட்டதில்லை. இன்று கேட்காமல் ஒரு சக்கரத்தைக்கூட ஒட்ட முடியவில்லை. நமது போரையும் அந்த அக்கறையோடு அளந்து வைக்க வேண்டும், வென்றவரின் நினைவுச்சின்னமாகவும் அன்று, தோற்றவரின் வீரக்கதையாகவும் அன்று.

கருவிகளுக்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. செட்டியார் தெருவில் பொற்கொல்லர் பாவிக்கும் சிற்றரமும் சாமணமும் போதும். என் ரி-55 முடியும் தறுவாயில் இருக்கிறது. பெட்டியோடு வந்த ஒட்டுச் சின்னங்களில் எதனையும் நான் ஒட்டவில்லை.

1/35 அளவில் ஒரு மனிதனின் உயரம் ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர். பெட்டிகளில் வருவோரில் பெரும்பாலானோர் சிப்பாய்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலம் வழியே நடந்தவர்களை எந்த நிறுவனமும் அச்சில் வார்க்கவில்லை. டமியாவின் ஜேர்மன் சிப்பாய்களுக்கான சைக்கிள் மட்டும் கிடைக்கிறது. அதன் பின்னிருக்கையில் ஒரு மூட்டையையும் பானையையும் கட்டி, அருகில் சேலையுடுத்த ஒரு தாயை வனைவதே எனது அடுத்த வேலை.