பிள்ளைக் காம்பரா

கணவனும் மனைவியும் முழுநேர வேலைக்குப் போகும் குடும்பம் நகரத்துக்குப் புதிதாக இருக்கலாம். இலங்கை மலையகத்துக்கு அது நூறாண்டுக்கும் மேலான வாழ்க்கை.

காப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869-இல் தலைகாட்டிய இலைநோய் காப்பியைப் படிப்படியாக அழித்தது. அதற்கு ஈராண்டு முன்பே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதற்குப் பெண்கள் தேவைப்பட்டனர். குடும்பங்கள் லயன்கள் எனப்படும் வரிசை வீடுகளில் நிலைகொண்டன.

விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும். கைக்குழந்தையை யார் பார்ப்பது?

அந்தத் தேவைக்குப் பிறந்ததுதான் பிள்ளைக் காம்பரா. சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும் அறையில் ஓர் ஆயம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். தாய் மலையிலிருந்து இறங்கிவந்து பாலூட்டிவிட்டு மறுபடி ஏறுவாள்.

மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்தபின் சமையலும் அவள் தலையில்தான். பல தோட்டங்களில் ஆண்களின் வேலை முன்னதாகவே முடிந்துவிடும். ஆனாலும் நாட்கூலி அவர்களுக்கே அதிகமாக இருந்தது. இருபாலாருக்கும் கூலி சமமானது 1984-இல்தான்.