வாகனக் கவிழ்வுத் தடுப்பு

ஓடும் வாகனம் பக்கவாட்டில் உருண்டுவிடாமல் காக்கும் சஸ்பென்ஷன் அமைப்புகளையும், பிற்காலத்தில் அவற்றோடு சேர்ந்த மின்னணுக் கட்டுப்பாடுகளையும் குறிக்கும் பொதுப்பெயர். ஒரு வண்டி எளிதில் கவிழுமா என்பதை முதலில் தீர்மானிப்பது அதன் உடலமைப்பு. இடது வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வருவது நிலைப்புக் காரணி. அகலம் 1.5 மீட்டரும் மைய உயரம் 0.55 மீட்டரும் உள்ள காருக்கு இது 1.36. அதே அகலத்தில் மையம் 0.7 மீட்டருக்கு ஏறினால் 1.07. எஸ்யூவி வண்டிகளின் தொல்லை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

உயரத்தைக் குறைக்க முடியாதபோது பொறியாளர்கள் சாய்வைக் குறைக்கப் பார்த்தார்கள். இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குத் தண்டுக்கு, அதாவது ஸ்டெபிலைசர் பாருக்கு, கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919இல் காப்புரிமை பெற்றார். வளைவில் உடல் வெளிப்புறம் சாயும்போது இத்தண்டு முறுக்கிக்கொண்டு எதிர்க்கிறது. முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு இறுக்குவது என்பது நுட்பமான கணக்கு. எந்த முனை முதலில் பிடியை இழக்கும் என்பதை அது மாற்றிவிடும்.

அந்தக் கணக்கில் செலவை மிச்சம் பிடித்ததற்குப் பேர்போன உதாரணம் செவர்லே கார்வேர். 1960 மாடலாக வந்த இதன் பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்சிலில் இருந்தன. கடும் வளைவில் வெளிச்சக்கரம் உள்நோக்கி மடிந்து, பின்பகுதி மேலே எழும். முன் ஸ்டெபிலைசர் 1964இல்தான் எல்லா வண்டிகளுக்கும் வந்தது. 1965இல் பின் சஸ்பென்ஷனே மாற்றப்பட்டது. அதே ஆண்டில் கார் பாதுகாப்பு பற்றி ரால்ஃப் நாடெர் எழுதிய நூல் இக்காரைக் குற்றவாளியாக்கியது. சமகாலப் போட்டிக் கார்களைவிட இது மோசமில்லை என்று 1972இல் அமெரிக்க அரசு அறிக்கை சொன்னபோது கார்வேர் உற்பத்தி நின்று மூன்றாண்டு ஆகியிருந்தது.

அடுத்த வழி பிரேக்கில் கிடைத்தது. ஆன்டன் வான் சான்டென் தலைமையில் போஷ் நிறுவனம் மெர்சிடஸ்-பென்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய ஈஎஸ்பி என்ற மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, 1995இல் விலையுயர்ந்த எஸ்-கிளாஸ் காரில் வந்தது. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பிய திசையையும் கார் உண்மையில் திரும்பும் திசையையும் உணரிகள் விநாடிக்குப் பல முறை ஒப்பிடுகின்றன. இரண்டும் பொருந்தாவிட்டால், ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து வண்டியை வழிக்குக் கொண்டுவரும்.

செல்வந்தர் வண்டியோடு நின்றிருக்கக்கூடிய இக்கருவியைச் சிறிய காருக்கு இறக்கியது ஒரு விபத்து. 1997 அக்டோபரில் ‘டெக்னிகென்ஸ் வார்ல்ட்’ என்ற ஸ்வீடன் இதழ் புதிய மெர்சிடஸ் ஏ-கிளாஸைச் சோதித்தது. சாலையில் திடீரென எதிர்ப்படும் கடமானைத் தவிர்க்க ஒடித்துத் திருப்புவது போன்ற சோதனை அது. சுமார் 60 கி.மீ. வேகத்தில் கார் கவிழ்ந்தது. இரட்டைத் தரை வைத்து இருக்கைகளை உயர்த்திய வடிவம் அதற்கு. முதலில் மழுப்பிய நிறுவனம் பிறகு விநியோகத்தை நிறுத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தி, எல்லா ஏ-கிளாஸிலும் ஈஎஸ்பி பொருத்தி 1998இல் மீண்டும் விற்றது. பல சட்டங்கள் செய்யாததை ஓர் இதழின் சோதனை செய்தது என்றே சொல்லவேண்டும்.

பெரும்பாலான கவிழ்வுகள் வளைவின் வேகத்தால் மட்டும் நேர்வதில்லை. வழுக்கிச் செல்லும் வண்டி மண்ணிலோ நடைபாதை விளிம்பிலோ பக்கவாட்டில் தட்டித்தான் உருள்கிறது. வழுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்பி பயன்படுவது இதனால்தான். சாய்வின் வேகத்தையே அளக்கும் கைரோ உணரி, வோல்வோவின் எக்ஸ்சி90 வண்டியில் 2002இல் சேர்ந்தது. ஆபத்து தெரிந்தால் வெளிப்புற முன்சக்கரத்தைப் பிரேக் பிடித்து, பக்கவாட்டு விசையைக் குறைக்கும். கார் கொஞ்சம் அகலமாகத் திரும்பும், ஆனால் நிற்கும்.

அமெரிக்கா 2007இல் விதியை வெளியிட்டு, 2012 மாடல் முதல் 4,536 கிலோ வரையுள்ள எல்லா வண்டிகளுக்கும் ஈஎஸ்பி வகைக் கட்டுப்பாட்டைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில் 2014 நவம்பருக்குள் எல்லாப் புதிய கார்களுக்கும் வந்தது. அமெரிக்காவில் கனரக லாரிகளுக்கும் பெரிய பேருந்துகளுக்கும் தனி விதி 2015இல் பிறந்தது. இந்தியாவில் 2023இல் தொடங்கிய பாரத் என்கேப் என்ற கார் பாதுகாப்பு மதிப்பீட்டில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற இக்கருவி இருந்தாக வேண்டும்.